கேமிங் லேப்டாப்பில் பிராசசருக்கு எத்தனை வாட், கிராபிக்ஸுக்கு எத்தனை வாட்?

நண்பர்களுக்கு வணக்கம். என் லேப்டாப்பில் இருப்பது இன்டெல் கோர் ஐ7-12700எச் பிராசசரும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் சிப்பும். சூட்டை வெளியேற்றும் வெப்பக்குழாய்கள் இரண்டுக்கும் பொது. சிக்கலே அங்குதான்.

ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கிராபிக்ஸ் வேகத்தை 120 மெகாஹெர்ட்ஸ் கூட்டியிருக்கிறேன். கிராபிக்ஸை மட்டும் சோதிக்கும்போது, டைனமிக் பூஸ்ட் (பிராசசருக்குத் தேவைப்படாத மின்சாரத்தைக் கிராபிக்ஸுக்குத் திருப்பும் வசதி) தரும் 15 வாட்டையும் சேர்த்து 130 வாட் வரை போகிறது. விளையாட்டில் கூட்டம் நிறைந்த கடைத்தெரு வந்தால் போதும், பிராசசர் 90 வாட்டை இழுத்துக்கொண்டு 97 டிகிரியைத் தொடுகிறது. கிராபிக்ஸ் 100 வாட்டுக்குக் கீழே சரிகிறது. சராசரி ஃபிரேம் எண்ணிக்கையில் குறையில்லை. ஆனால் கேமராவைத் திருப்பும்போது படம் வெட்டி வெட்டி நகர்கிறது. கண்ணுக்கு அது பெரும் தொல்லை.

த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் பிஎல்1-ஐ (பிராசசர் தொடர்ந்து இழுக்கக்கூடிய வாட் வரம்பு) 45 வாட்டுக்கும் பிஎல்2-ஐ (சிறிது நேரத்துக்கு மட்டும் இழுக்கக்கூடிய வரம்பு) 65 வாட்டுக்கும் இறக்கினால் வெப்பம் 85-க்கு வந்துவிடுகிறது. ஆனால் அதே கடைத்தெருவில் இப்போது பிராசசர் திணறுகிறது, கிராபிக்ஸ் பயன்பாடு 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. பிராசசரின் வோல்டேஜைக் குறைக்கும் அண்டர்வோல்ட் வசதி, லேப்டாப்பின் அடிப்படை மென்பொருளான பயாஸிலேயே பூட்டப்பட்டிருக்கிறது.

இதே பிராசசர் வைத்திருப்பவர்கள் பிஎல்1-ஐ எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள்? வாட்டைக் கட்டுப்படுத்தாமல் பிராசசரின் உச்ச வேகத்தை நிர்ணயிக்கும் டர்போ ரேஷியோவை மட்டும் குறைப்பது மேலா? கிராபிக்ஸுக்கு வேகத்தைக் கூட்டுவதைவிட, ஆஃப்டர்பர்னரின் கர்வ் எடிட்டரில் (எந்த வோல்டேஜுக்கு எந்த வேகம் என்று அமைக்கும் வரைபடம்) வோல்டேஜைக் குறைத்து நிலைநிறுத்துவதுதான் எனக்குச் சரியென்று படுகிறது. செய்து பார்த்தவர்கள் எத்தனை மில்லிவோல்ட்டில் நிலையாக ஓடியது என்று சொல்லுங்கள். என் அறையில் ஏசி கிடையாது. அதனால் உங்கள் அறை வெப்பநிலையையும் சேர்த்துக் குறிப்பிட்டால் பேருதவியாக இருக்கும்.