சொந்தக் கம்பெனிக்கு நாங்கள் கொடுத்த கடன்

கோவையில் வார்ப்பட ஆலை ஒன்றைப் பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக நடத்தும் நான்கு பங்குதாரர்களில் நானும் ஒருவன். என் அண்ணன், நண்பர் ஒருவர், நான் என மூவரும் இயக்குநர்கள். என் மனைவியின் தம்பி பங்கு மட்டும் வைத்திருக்கிறார். பம்பு தயாரிப்பாளர்களிடமிருந்து வரவேண்டிய பணம் ஐந்து மாதமாகியும் வராமல், வங்கியின் ஓ.டி. (இருப்புக்கு மேல் எடுக்க வங்கி அனுமதிக்கும் கடன்) வரம்பும் தீர்ந்து, சம்பளமும் ஜிஎஸ்டியும் ஒரே வாரத்தில் வந்து நின்றபோது, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சமாளிப்பதென முடிவு செய்தோம். (சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டுமென 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, அடுத்த ஆர்டருக்குக் காத்திருப்பவர் யார் அதை நீட்டிக் காட்டுவார்?)

எங்கள் ஆடிட்டர் எவ்வளவு என்று கேட்கவில்லை. யார் தருகிறார், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்டார். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளின்படி, தனியார் நிறுவனத்தின் இயக்குநரோ அவருடைய உறவினரோ தரும் பணம், பிறரிடம் கடன் வாங்கித் தரப்பட்டதல்ல என்று எழுத்தில் உறுதி கொடுத்தால்தான், கூடுதல் கட்டுப்பாடுகள் உள்ள வைப்புத்தொகை (டெபாசிட்) என்ற வகையில் சேராமல் தப்பும். அண்ணன் அண்ணியின் நகைகளை அடகு வைத்துத் தரவிருந்தார். அடகுப் பணமும் கடன்தான் என்பதால் அந்த உறுதிமொழியில் அவர் கையெழுத்திட முடியாது என்று ஆடிட்டர் தடுத்துவிட, பிறகு நிரந்தர வைப்பை முறித்துக் கொடுத்தார்.

நண்பரோ சனிக்கிழமைக் கூலிக்கென்று மஞ்சள் பையில் ரொக்கமாகவே கொண்டுவந்துவிட்டார். ரூ.20,000 அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. கணக்காளர் பையைத் தொடவே மறுத்து, அதை நண்பரின் வங்கிக் கணக்கில் கட்டச் சொல்லி, அங்கிருந்து கம்பெனிக் கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் மூலம் மாற்றச் செய்தார். அன்றைய கூலி மாலையில்தான் பட்டுவாடா ஆயிற்று.

மைத்துனர் விஷயம் இன்னும் சிக்கலாக இருந்தது. உடன்பிறந்தோர் சட்டத்தின் உறவினர் பட்டியலில் உண்டு. மனைவியின் உடன்பிறந்தோர் இல்லை. ஆகவே அவர் வெறும் பங்குதாரராகவே கருதப்பட்டார். அவர் தருவது வைப்புத்தொகை ஆகும். அதற்குப் பொதுக்கூட்டத் தீர்மானம் வேண்டும். செலுத்திய மூலதனம், காப்பு நிதி ஆகியவற்றோடு ஒப்பிட்டு வரம்பும் உண்டு. "வீட்டுப் பணத்துக்கு இவ்வளவு காகிதமா, மாமா?" என்று அவர் சலித்துக்கொண்டாலும், அவர் தரவிருந்த பணத்தைத் தள்ளிவைத்து, இயக்குநர்களின் கடனை மட்டும் இயக்குநர் வாரியத் தீர்மானத்தில் வட்டி விகிதத்தோடு எழுதிக்கொண்டோம். வைப்பு, கடன் விவரங்களை ஜூன் 30க்குள் கம்பெனிகள் பதிவாளருக்கு அனுப்பும் டிபிடி-3 படிவத்திலும் அது காட்டப்பட்டது.

இவையெல்லாம் காகித வேலை. உண்மையில் எங்களைக் கட்டிப்போட்டது வங்கிதான். ஓ.டி. வரம்பை உயர்த்தக் கேட்டபோது, இயக்குநர்கள் கொடுத்த கடனை மூலதனத்துக்குச் சமமாக மதிப்பதாகச் சொல்லி, வங்கிக் கடன் நிலுவையில் உள்ளவரை அதைத் திருப்பி எடுப்பதில்லை என்று மூவரிடமும் கடிதம் வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு நண்பர் மகளின் திருமணத்துக்குத் தம் பணத்தைக் கேட்டார். கம்பெனிக் கணக்கில் பணம் இருந்தும் கொடுக்க வழியில்லை. வங்கி மேலாளரிடம் பேசியதில், மொத்தத் தொகை குறையாத வரை யார் பெயரில் இருந்தாலும் தமக்கு ஆட்சேபமில்லை என்றார். அதன்படி நான் ஒரு மனையை விற்று அதே தொகையைக் கம்பெனிக்குக் கொடுத்தேன். புதிய கடிதத்தில் நானும் அண்ணனும் கையெழுத்திட்ட பிறகே நண்பருக்குப் பணம் போயிற்று. திருமணம் முடிந்ததும் தம் பங்குகளையும் விலைக்கு எடுத்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறார். அந்தப் பேச்சு இன்னும் நடக்கிறது.