இரண்டு ரைஃபிளுக்கு ஒரே ஸ்கோப், 300 டாலருக்குள் எது வாங்கலாம்?

பனிமுயல்:
வணக்கம். கனடாவில், ஒன்டாரியோவின் சட்பரி பக்கம் இருக்கிறேன். துப்பாக்கி உரிமம், வேட்டைப் பயிற்சிச் சான்று, அவுட்டோர்ஸ் கார்டு எல்லாம் கைக்கு வந்துவிட்டது. என்னிடம் இரண்டு ரைஃபிள் இருக்கின்றன. ஒன்று சாவேஜ் ஆக்சிஸ் .308, மானுக்கு. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் பழையதாக வாங்கியது. மேலே ஸ்கோப்பைத் தாங்கும் இரண்டு துண்டு பேஸ் மட்டும் இருக்கிறது. மற்றது சிஇசட் 457 லக்ஸ் .22, முயலுக்கும் க்ரவுஸ் பறவைக்கும்.

மான் சீசன் நவம்பரில் சில நாள்தான். அப்போது ஸ்கோப்பை .308-இல் மாட்டலாம், மற்ற மாதங்களில் .22-க்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ரிம்ஃபயர் (.22 போன்ற சிறு தோட்டா) ஸ்கோப் வேறு, சென்டர்ஃபயர் (.308 போன்ற வலுவான தோட்டா) ஸ்கோப் வேறு, இரண்டாக வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். இது உண்மையா, வியாபாரப் பேச்சா? கழற்றி மாட்டினால் குறி தப்புமா? விடியற்காலை வெளிச்சத்துக்கு 50 மிமீ முன்கண்ணாடி வேண்டும் என்கிறார்களே, அது அவசியமா? பட்ஜெட் 300 கனடா டாலர்.

ரெட்டைக்குழல்:
கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. வித்தியாசம் இரண்டு இடத்தில் வருகிறது.

முதலாவது பாரலாக்ஸ். கண் ஸ்கோப்பின் நடுவிலிருந்து விலகினால் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்வது போலத் தெரியுமே, அதுதான். ரிம்ஃபயர் ஸ்கோப்பில் இதைப் பெரும்பாலும் 50 கஜத்துக்குச் சரிசெய்து அனுப்புகிறார்கள். சென்டர்ஃபயருக்கு 100 கஜம், சிலவற்றில் 150. 40 மிமீ கண்ணாடியும் 100 கஜ பாரலாக்ஸும் உள்ள ஸ்கோப்பில் 50 கஜத்து முயலைப் பார்த்தால், கண் முழுக்க ஓரத்துக்குப் போனால்கூட பிழை 10 மிமீதான். 25 கஜத்தில் 15 மிமீ. கன்னத்தை ஒரே இடத்தில் ஊன்றிச் சுடுபவருக்கு அதில் கால்வாசிகூட வராது. இதற்காக யாரும் முயலைத் தவறவிடப் போவதில்லை.

இரண்டாவதுதான் பெரிய விஷயம், சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் உதை. .22-க்கென்றே செய்த மலிவு ஸ்கோப்பை .308-இல் மாட்டினால் உள்ளே இருக்கும் குறுக்குக்கோடு நாளடைவில் ஆடிப்போகலாம். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் புருவம் கிழியும். 3.5 அங்குலத்துக்குக் குறைந்த எதையும் .308-இல் மாட்டாதீர்கள். ஆகவே பகிர்வது என்றால் சென்டர்ஃபயர் ஸ்கோப்பை .22-க்குக் கொடுங்கள், மாற்றிச் செய்ய வேண்டாம்.

50 மிமீ வேண்டாம். 3-9×40 ஸ்கோப்பை (3 முதல் 9 மடங்கு, 40 மிமீ முன்கண்ணாடி) 6 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 6.7 மிமீ. நடுத்தர வயதுக் கண்ணின் பாப்பா இருட்டிலும் அவ்வளவு விரியாது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து சுடலாம் என்பது இங்குள்ள சட்டம். அந்த நேரத்தில் உருப்பெருக்கத்தைக் குறைத்தாலே போதும். 50 மிமீ வாங்கினால் ஸ்கோப் உயரமாக உட்காரும், எடையும் கூடும்.

உங்கள் பட்ஜெட்டில் வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2, 3-9×40 சரியாக இருக்கும். கண் இடைவெளி 3.8 அங்குலம். கூடுதலாகக் கொஞ்சம் முடிந்தால் லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9×40, எடை குறைவு. எதை எடுத்தாலும் சாதாரணக் குறுக்குக்கோடு உள்ளதை எடுங்கள். கீழே படிப்படியாகக் கோடுகள் போட்ட ரகம் ஒரு தோட்டாவின் வீழ்ச்சிக்கு ஏற்ப வரைந்தது. .308-க்குப் பொருந்தும் கோடு .22-க்குப் பொய் சொல்லும்.

நோர்த்பே அண்ணா:
தம்பி, ஸ்கோப்பைப் பற்றிக் கதைக்கிறதுக்கு முதல் அது உட்காரும் இடத்தைப் பாருங்கள். சிஇசட் 457 மேலே, ஓரம் சாய்வாக வெட்டிய 11 மிமீ டவ்டெயில் பள்ளம். பேஸில் வீவர், பிக்காட்டினி என்று இரண்டு ரகம், ஆக்சிஸில் இருப்பது எது? வெர்னியர் காலிப்பர் இருந்தால் அந்த பேஸில் குறுக்கே வெட்டியிருக்கும் பள்ளத்தின் அகலத்தை வடிவாக அளந்து சொல்லுங்கள்.

பனிமுயல்:
அளந்தேன் அண்ணா. 4.6 மிமீ காட்டுகிறது. இரண்டு பேஸிலும் அதேதான். நண்பரிடம் இருந்த கழற்றி மாட்டும் ரிங்கை (ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) வைத்துப் பார்த்தேன், அடியில் இருக்கும் குறுக்குக் கம்பி பள்ளத்தில் இறங்கவே இல்லை, மேலேயே நிற்கிறது.

நோர்த்பே அண்ணா:
அப்ப அது வீவர். வீவர் பள்ளம் 4.57 மிமீ, பிக்காட்டினி 5.23. வீவர் ரிங் பிக்காட்டினியில் இறங்கும், பிக்காட்டினி ரிங் வீவரில் இறங்காது. சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டாம், அலுமினியம் என்றால் பள்ளம் கெட்டுவிடும். பேஸைக் கழற்றிவிட்டு ஆக்சிஸுக்கென்று வரும் ஒற்றைத் துண்டு பிக்காட்டினி ரெயில் போடுங்கள். .22-க்கு டவ்டெயிலை பிக்காட்டினியாக மாற்றும் அடாப்டர் ரெயில் கிடைக்கும். ரிங்குகள் ஸ்கோப்பிலேயே இறுகி இருக்கவேணும். ரிங்கோடு சேர்த்துத்தான் தூக்கி மாற்றவேணும். இரண்டு ரைஃபிளிலும் வேறு வேறு ரிங் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஸ்கோப்பை உருவினால் கண் இடைவெளி, சாய்வு எல்லாவற்றையும் முதலில் இருந்து பார்க்கவேணும்.

இப்ப காசைக் கூட்டுங்கள். எங்கள் பக்கக் கடை விலையில் கிராஸ்ஃபயர் 200 டாலருக்கு மேல். கழற்றி மாட்டும் நல்ல ரிங் 80-100. ஒற்றை ரெயில் 50, .22 அடாப்டர் இன்னொரு 50-60. 380-ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் .308 தோட்டா ஒரு அரைப் பெட்டியாவது குறிபார்க்கவே போகும். மலிவான தோட்டாவே பெட்டி 40 டாலர் பக்கம் வருகுது. அந்தக் காசில் .22-க்குத் தனியாக ஒரு 4×32 வாங்கிவிடலாம்.

இன்னொன்று. லக்ஸின் தோளில் வைக்கும் கட்டை, ஸ்கோப் இல்லாமல் பார்க்கும் இரும்புக் குறிக்கென்று செதுக்கியது, பின்பக்கம் தாழ்வு. அடாப்டர், அதுக்கு மேல் ரிங், அதுக்கு மேல் 40 மிமீ ஸ்கோப் என்றால் கன்னம் கட்டையில் படாது, நாடிதான் படும்.

கல்லடி:
அண்ணை சொல்வது .22-.308 ஜோடிக்குச் சரி. ஆனால் பகிரவே முடியாது என்று யாரும் நினைக்கவேண்டாம். என்னிடம் .243-உம் .308-உம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே ரெயில். பல வருடமாக ஒரே ஸ்கோப்தான்.

செய்வது இதுதான்: .308-இல் ஜீரோ பார்த்த (தோட்டா குறுக்குக்கோட்டிலேயே விழும்படி சரிசெய்த) பிறகு ஸ்கோப்பின் டயலை 0-வுக்குத் திருப்பி வைத்தேன். பிறகு .243-இல் மாட்டி, எத்தனை கிளிக் தள்ளினால் நடுவில் விழுகிறது என்று எண்ணினேன். மேலே 14, இடது 3. அதை மாஸ்கிங் டேப்பில் எழுதிக் கட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ரிங் எப்போதும் அதே பள்ளத்தில் உட்கார வேண்டும். இறுக்கும் முன் ஸ்கோப்பைக் குழல் பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் உதையில் அதுவே நகர்ந்துகொள்ளும். விலை குறைந்த ஸ்கோப்பில் டயல் சில சமயம் ஒட்டிக்கொள்ளும். வேண்டிய இடத்தைத் தாண்டி நாலைந்து கிளிக் போய்த் திரும்பி வாருங்கள். இவ்வளவும் செய்துவிட்டு, மூன்று தோட்டா காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் காட்டுக்குப் போகமாட்டேன். மானைக் காயத்தோடு ஓடவிட எனக்கு மனசில்லை.

பனிமுயல்:
ஒரு சந்தேகம். டயலில் 'ஒரு கிளிக் கால் எம்ஓஏ' (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்று போட்டிருக்கும் அல்லவா, .22-ஐ 50 கஜத்தில்தானே பார்ப்பேன். அங்கே ஒரு கிளிக்குக்கு எவ்வளவு நகரும்?

ரெட்டைக்குழல்:
100 கஜத்தில் 7 மிமீக்குக் கொஞ்சம் கீழே. 50-இல் அதில் பாதி, 3.3 மிமீ. 50 கஜத்தில் 3.3 செமீ கீழே விழுந்தால் 10 கிளிக் மேலே. அப்புறம், 50-இல் ஜீரோ பார்த்த .22 தோட்டா 100 கஜத்தில் அரையடி போலத் தாழ்ந்துவிடும். முயலுக்கு 50-60 கஜத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லக்ஸில்தான் நல்ல இரும்புக் குறி இருக்கிறதே? அதை ஒரு பருவம் பழகிப் பார்க்கலாமே. க்ரவுஸ் பெரும்பாலும் 20 கஜத்துக்குள் கிளையில் உட்கார்ந்திருக்கும்.

பனிமுயல்:
சரி, கணக்குப் போட்டுப் பார்த்ததில் பகிர்வது எனக்கு லாபமில்லை. கிராஸ்ஃபயர் 2, 3-9×40 சாதாரணக் குறுக்குக்கோடு. .308-இலேயே நிரந்தரமாக இருக்கட்டும். பழைய வீவர் பேஸ் கெட்டியாகத்தான் இருக்கிறது, அதனால் சாதாரண வீவர் ரிங் போதும், ரெயில் காசும் மிச்சம். .22 இந்தக் குளிர்காலம் இரும்புக் குறியோடு. மாட்டும்போது கவனிக்க ஏதாவது இருக்கிறதா?

நோர்த்பே அண்ணா:
நல்ல முடிவு. முதலில் தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு போல்ட்டை (குழலின் பின்வாயை அடைக்கும் பகுதி) கழற்றி வெளியே வையுங்கள். பேஸ் திருகுகளை ஒருமுறை கழற்றி, துளையில் இருக்கும் எண்ணெயைத் துடைத்துவிட்டு மீண்டும் இறுக்குங்கள். பழைய துப்பாக்கியில் குறி அலைந்தால் பாதிநேரம் அங்கேதான் கோளாறு. ரிங்கின் மேல் திருகு 15 முதல் 18 இன்ச்-பவுண்ட், அதற்கு மேல் போனால் ஸ்கோப் குழாய் நசுங்கும். இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவர் இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

போல்ட் இல்லாமல் குழல் வழியாக 25 கஜத்து அட்டையைப் பார்த்து, குறுக்குக்கோட்டை அதே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு போல்ட்டைப் போட்டு 25-இல் சுடும்போது நடுப்புள்ளிக்கு அரை அங்குலம் கீழே விழுந்தால் 100-இல் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். அதன் பிறகு 100-க்குப் போங்கள். நவம்பரில் எந்தத் தோட்டாவோடு போகப் போகிறீர்களோ அதே பெட்டியில் இருந்து எடுங்கள், தோட்டா எடை மாறினால் இடமும் மாறும். ஆக்சிஸின் குழல் மெல்லிசு, மூன்று சுட்டால் ஆறவிட்டுத்தான் அடுத்தது.