ஆனோடு பொருத்திய பிறகும் எஃகுத் தூண்களில் துளை விழுகிறது: உதவி தேவை

நீலக்கரை:
வணக்கம். எங்கள் மரீனாவில் (படகுகள் கட்டும் துறையில்) நடைத்துறையைத் தாங்கும் எஃகுக் குழாய்த் தூண்களில் துரு கடுமையாகிவிட்டது. சென்ற ஆண்டு துருவைத் தடுக்க ஒவ்வொரு தூணிலும் 10 கிலோ துத்தநாக ஆனோடு (உலோகக் கட்டி) ஒன்றைப் பொருத்தினோம். அவை இன்றும் புத்தம்புதிதாகவே இருப்பதால் சரக்கின் தரத்தில் ஐயமில்லை. ஆயினும் இரண்டு தூண்களில் விரல் நுழையும் அளவுக்குத் துளை விழுந்திருப்பதாக முக்குளித்துப் பார்த்தவர் சொல்கிறார். எந்தப் பெயின்ட் அடித்தால் நிற்கும்? வாரக் கடைசிக்குள் மேலாளருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். படம் இணைத்துள்ளேன்.

சுக்கான்:
படத்தில் கைப்பிடிக் கம்பியும் ஒரு பூந்தொட்டியும் தெளிவாகத் தெரிகின்றன. தூண் ஓரத்தில்தான் இருக்கிறது. எந்த ஊர், ஓத (கடல் நீர்மட்ட) ஏற்றத்தாழ்வு எவ்வளவு, குழாயின் விட்டமும் தகட்டுத் தடிமனும் என்ன, தூண் நட்டு எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்று சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, துளை தூணின் எந்த உயரத்தில் இருக்கிறது? காற்றில் நிற்கும் பகுதி, அலை தெறிக்கும் பகுதி, ஓதம் ஏறி இறங்கும் பகுதி, எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதி, சேற்றில் புதைந்த பகுதி ஆகிய ஐந்திலும் எஃகு ஐந்து விதமாகக் கெடுகிறது. ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது.

மின்வழி:
எனக்குத் தெரிந்தவரை மரீனாவில் துளை விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரத்தைத்தான். படகுகளுக்குக் கரையிலிருந்து மின் இணைப்புக் கொடுக்கிறீர்களா? தங்கள் படகின் துத்தநாகம் சீக்கிரம் கரைந்துபோகிறது என்று படகுக்காரர்கள் யாராவது குறைப்பட்டுக்கொண்டதுண்டா? அருகில் அண்மையில் வெல்டிங் வேலை நடந்ததா? வெல்டிங் இயந்திரத்தின் திரும்பு கம்பியை வேலை நடக்கும் தூணில் மாட்டாமல் கரையில் எங்கோ மாட்டிவிட்டால், நேர்மின்னோட்டம் (DC) நீர்வழியே திரும்பும்போது எஃகைத் தின்றுவிட்டுப் போகும்.

ஆழ்நீர்:
அடிப்படை தெரியாமல் பொருள் வாங்கிவிட்டுப் பிறகு இங்கே வந்து பெயின்ட் கேட்பது வழக்கமாகிவிட்டது. தம்பி, ஆனோடு கரைவதற்காகவே பொருத்தப்படுகிறது. தன்னைக் கரைத்துக்கொண்டு எலக்ட்ரான்களை எஃகுக்குக் கொடுப்பதுதான் அதன் ஒரே வேலை. ஓராண்டுக்குப் பிறகும் அது புதிதாக இருக்கிறதென்றால் ஓராண்டாக வேலையே செய்யவில்லை என்று பொருள். ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1824-இல் கப்பல்களின் செப்புத் தகட்டில் இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்துக் காட்டிய பாடம் இது. செப்பு கரைவது நின்றது. கடலுயிர்களுக்கு நஞ்சான செப்பு கரையாததால் கப்பலின் அடியில் கொட்டலசு என்னும் ஓட்டுயிரியும் பாசியும் அப்பிக்கொண்டன என்பது அடுத்த கதை. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

நீலக்கரை:
பதில்களுக்கு நன்றி. சிங்கப்பூரின் வடகரை, ஜொகூர் நீரிணைப் பக்கம். பெரிய ஓதத்தின்போது ஏறத்தாழ 3 மீட்டர் ஏறி இறங்கும். விட்டம் 508 மி.மீ., தகடு 12.7 மி.மீ. வயது சுமார் இருபது ஆண்டுகள். துளை, நீர் நன்றாக வற்றும்போது மட்டும் தெரியும் இடத்தில் இருக்கிறது. கரை மின் இணைப்பு உண்டு. துத்தநாகம் விரைவில் தீர்ந்துபோவதாகப் படகுக்காரர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அது வேறு விஷயம் என்று நினைக்கிறேன்.

மின்வழி:
வேறு விஷயம் அன்று, ஐயா. உங்கள் தூண்கள் கரை மின் இணைப்பின் எர்த் கம்பியோடு எங்கோ தொடர்பில் இருந்தால், பாதுகாப்புக் கிடைக்காத எஃகு படகுகளின் துத்தநாகத்தை அந்தக் கம்பி வழியே உண்டுகொண்டிருக்கும். அந்தத் தொடர்பைத் துண்டிக்க வேண்டுமானால், ஒவ்வொரு படகின் எர்த் கம்பியிலும் தாழ்ந்த நேர்மின்னழுத்தத்தைத் தடுக்கும் கால்வனிக் ஐசொலேட்டரைப் பொருத்த வேண்டும். உயிர் காக்கும் எர்த் கம்பியையே வெட்டிவிடும் மூடத்தனத்தை மட்டும் யாரும் செய்துவிடக் கூடாது.

உப்புக்காற்று:
பெயின்டைப் பற்றித்தான் கேட்டார். அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சுப் பூசியிருக்கிறார்கள். அந்தக் காற்றிலேயே அது நிற்கும் என்றால் சிங்கப்பூரில் நிற்காதா?

ஆழ்நீர்:
பாலத்தின் உத்திரம் காற்றில் நிற்கிறது. இவருடைய துளையோ தாழ் ஓத மட்டத்தில் இருக்கிறது. மணல் வீசித் தூய்மையாக்கி, உலர்த்தி, அதன்பின் பூச வேண்டிய பூச்சை, நாளொன்றுக்கு இரண்டு முறை நனையும் எஃகில் எப்படிப் பூசுவீர்கள்?

உப்புக்காற்று:
நீருக்கடியிலேயே பூசி இறுகக்கூடிய எப்பாக்சி வகைகள் இருக்கின்றன. எல்லாம் தெரிந்தவர் அதையும் சொல்லியிருக்கலாம்.

காரைக்குடி வாசகன்:
வயதையும் இடத்தையும் பார்த்தால், தாழ்நீர் விரைவு அரிப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. பிரித்தானியத் தரநிலையான பிஎஸ் 6349 மிதவெப்ப நாடுகளின் கடல்நீருக்குத் தரும் சராசரிக் கணக்கின்படி, தாழ்நீர்ப் பகுதியில் எஃகு ஒரு பக்கத்தில் ஆண்டுக்கு 0.08 மி.மீ. அளவில் தேயும். சிங்கப்பூரின் வெந்நீரில் இது கூடலாம். ஆனாலும் இந்தக் கணக்கில் 12.7 மி.மீ. தகட்டில் துளை விழ இருபது ஆண்டுகள் போதா. பாக்டீரியாக்கள் சேர்ந்து நடத்தும் விரைவு அரிப்பிலோ, ஆண்டுக்கு அரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் போகும். சல்ஃபேட்டை ஒடுக்கும் பாக்டீரியா அடியில் காற்றின்றி வாழ்ந்து சல்ஃபைடை உண்டாக்கும். அதை ஆக்சிஜனேற்றம் செய்யும் வேறொரு வகை மேலே இருந்து அமிலத்தை உண்டாக்கும். அடையாளங்கள் இவை: மேலே செம்மஞ்சள் நிறத்தில் எளிதில் வழித்துவிடக்கூடிய படலம், அதற்குக் கீழே கறுப்புச் சேறு, அதையும் துடைத்தால் பளபளவென்று குழிவிழுந்த எஃகு. கறுப்புச் சேற்றில் சிறிதளவு எடுத்து, திறந்த வெளியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சல்ஃபைடு இருக்கிறது. குனிந்து முகர வேண்டாம், நஞ்சு.

நீலக்கரை:
செம்மஞ்சள் படலம் இருக்கிறது. கறுப்பும் இருக்கிறது. அமிலம் கையில் இல்லை.

திருமலைக் கடலோன்:
சற்றுப் பொறுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்கத் தூணைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் தடித்த உறை ஒன்று தெரிகிறது. அது கொங்கிரீட்டா? எல்லாத் தூண்களிலும் இருக்கிறதா? அதன் கீழ் விளிம்பு எந்த மட்டத்தில் நிற்கிறது?

நீலக்கரை:
ஆம், கான்கிரீட் உறைதான். அலை தெறிக்கும் பகுதியில் துரு பிடித்ததால் எனக்கு முன் இருந்தவர்கள் எல்லாத் தூண்களுக்கும் போட்டது. அது நல்ல நிலையில் இருப்பதால் குறிப்பிடவில்லை. கீழ் விளிம்பு தாழ் ஓத மட்டத்துக்குச் சற்று மேலே முடிகிறது. இரண்டு துளைகளும் அந்த விளிம்புக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில்தான்.

திருமலைக் கடலோன்:
அப்படியானால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. புதிய கொங்கிரீட்டின் காரத்தன்மை (pH அளவு) 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் உள்ளிருக்கும் எஃகின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி, அது துருப்பிடிக்காமல் அடங்கிப்போகிறது. அடங்கிய எஃகு கத்தோடாகவும் (கரையாத முனை), விளிம்புக்குக் கீழே வெறுமையாக நிற்கும் எஃகு ஆனோடாகவும் (கரையும் முனை) மாற, ஒரே தூணுக்குள் ஒரு மின்கலம் உருவாகிவிடும். நீரும் உப்பும் இடையில் இருக்கும்வரை மேலே உள்ள நல்ல எஃகு கீழே உள்ள எஃகைத் தின்றுகொண்டே இருக்கும். உறையைப் போட்டவர்கள் அதைத் தாழ் ஓதத்துக்குக் கீழே ஒரு மீட்டராவது இறக்கி, அதற்கும் கீழே வேலை செய்யும் ஆனோடுகளை வைத்திருந்தால் இது இவ்வளவு தூரம் வந்திராது.

காரைக்குடி வாசகன்:
கறுப்புச் சேறு இருக்கிறது என்கிறாரே. அதை உங்கள் மின்கலம் விளக்கவில்லை.

திருமலைக் கடலோன்:
இரண்டும் ஒரே இடத்தில் நடக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லாத் தூண்களிலும் விளிம்புக்குக் கீழே ஒரே தூரத்தில் வளையமாகத் தேய்ந்திருந்தால் உறைதான் முதற்காரணம். ஆங்காங்கே திட்டுத்திட்டாக இருந்தால் உங்கள் பாக்டீரியாவுக்கு என் வாக்கும் உண்டு.

உப்புக்காற்று:
ஆக, கான்கிரீட் உறையே தவறு என்கிறீர்களா? உலகம் முழுவதும் போடுகிறார்கள்.

திருமலைக் கடலோன்:
உறை தவறன்று; அதை முடித்த இடம் தவறு. இருந்தாலும் என் விருப்பம் பெட்ரோலேட்டம் (வாசலின் போன்ற மெழுகுப் பசை) ஊறிய நாடாதான். கொட்டலசைச் சுரண்டிவிட்டு, ஈர எஃகின் மீதே பசையைத் தடவி, நாடாவைச் சுற்றி, அதன் மேல் கண்ணாடியிழை அல்லது பாலிஎதிலீன் உறையைப் போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். மணல் வீச்சு வேண்டாம்; உலர வேண்டாம்; பின்னாளில் சந்தேகம் வந்தால் கழற்றிப் பார்க்கலாம்.

ஆழ்நீர்:
படகு ஒருமுறை இடித்தால் அந்த உறை பிளந்துவிடும். கான்கிரீட் இடியைத் தாங்கும். பராமரிப்பே செய்யாத நிறுவனங்களுக்குக் கழற்றிப் பார்க்கும் வசதியால் என்ன பயன்? எவரும் கழற்றிப் பார்க்கப் போவதில்லை.

திருமலைக் கடலோன்:
கொங்கிரீட் விரிசல் விட்டால் உள்ளே உப்புப் புகுந்து, துரு பருத்து, உறையே உடையும். அதுவரை உள்ளே என்ன நடக்கிறது என்பதை யாரும் பார்க்க முடியாது. இடியைத் தாங்கத் தடுப்பு ரப்பர் இருக்கிறது. அந்த வேலையைத் துருக்காப்பின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

சுக்கான்:
நாடாவா கான்கிரீட்டா என்பதை இன்னொரு நாள் தீர்த்துக்கொள்ளலாம். கேட்டவருக்கு வாரக் கடைசி நெருங்குகிறது. நீலக்கரை அவர்களே, முதலில் ஒரு கணக்கு. தூணில் 6 மீட்டர் நீருக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வெறும் எஃகின் பரப்பு சுமார் 9.6 சதுர மீட்டர். வெப்பக் கடலில் சதுர மீட்டருக்குச் சராசரி 70 மில்லி ஆம்பியர் என்று கொண்டால், ஒரு தூணுக்கு ஏறத்தாழ 0.67 ஆம்பியர் வேண்டும். துத்தநாகம் கிலோவுக்குச் சுமார் 780 ஆம்பியர் மணி தரும் என்பதால் ஆண்டுக்கு ஏழரைக் கிலோ கரைந்திருக்க வேண்டும். சேற்றில் புதைந்த பகுதி இழுக்கும் மின்னோட்டத்தை இதில் சேர்க்கவே இல்லை. அலுமினியம்–துத்தநாகம்–இண்டியம் கலவையானால் கிலோவுக்கு 2000 ஆம்பியர் மணிக்குக் குறையாது. எனவே மூன்று கிலோவில் அதே வேலை நடக்கும். உங்கள் 10 கிலோ கட்டி கரையவே இல்லை என்றால் மின்தொடர்பு இல்லை என்றே நான் சந்தேகிக்கிறேன். எப்படிப் பொருத்தினீர்கள்? வெல்டிங் செய்தா, கிளாம்ப் போட்டா?

நீலக்கரை:
கிளாம்ப். தூணில் பழைய தார் எப்பாக்சிப் பூச்சு இருக்கிறது; அதன் மேலேயே இறுக்கினார்கள்.

சுக்கான்:
அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. தொடர்பு இல்லை என்பதை உறுதிப்படுத்த வழி இருக்கிறது. மல்ட்டிமீட்டரில் மின்தடையை அளந்து ஏமாற வேண்டாம்; இரண்டு உலோகங்களுக்கிடையில் கடல்நீர் இருக்கும்போது அந்த எண்ணை நம்ப முடியாது. வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனை (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் முனை) ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ தூணுக்கு அருகில் நீருக்குள் இறக்குங்கள். மீட்டரின் கறுப்புக் கம்பியை மின்முனையிலும், சிவப்புக் கம்பியைத் தூணில் சுரண்டிப் பளிச்சென்றாக்கிய இடத்திலும் வைத்து, நேர்மின் வோல்ட்டை அளவிடுங்கள். பிறகு மின்முனையை நகர்த்தாமல், சிவப்புக் கம்பியை ஆனோடின் உள்கம்பியில் வையுங்கள். தொடர்பு இருந்தால் இரண்டு அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். தொடர்பு இல்லையென்றால் தூண் –0.6 வோல்ட்டை ஒட்டியும், துத்தநாகம் –1.03 வோல்ட்டை ஒட்டியும் தனித்தனியே நிற்கும். பாதுகாப்புக்குத் தூண் –0.80 வோல்ட்டையோ அதைவிட எதிர்மிகுந்த அளவையோ எட்ட வேண்டும். காரைக்குடி நண்பர் சொல்லும் பாக்டீரியா இருந்தால் –0.90 வரை போக வேண்டும்.

மின்வழி:
அளவிடும்போது படகுகளின் கரை இணைப்பு இருக்கும் நிலையிலும் கழற்றிய நிலையிலும் தனித்தனியே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் நான் சொன்னதும் உண்மையாகும்.

உப்புக்காற்று:
நீரிணையில் மழைக்காலத்தில் நன்னீர் கலந்தால் துத்தநாகம் மேலே வெள்ளைப் படலம் கட்டி மந்தமாகிவிடும் என்று படித்திருக்கிறேன். அதையும் பாருங்கள்.

நீலக்கரை:
அளந்தோம். தூண் –0.62, துத்தநாகம் –1.02. படகு இணைப்புகளைக் கழற்ற அனுமதி கிடைக்கவில்லை. வளையத் தேய்மானம் எல்லாத் தூண்களிலும் இருக்கிறதாம். நன்றி.

சுக்கான்:
ஆக, ஆனோடுக்கும் தூணுக்கும் தொடர்பு இல்லை என்பது தெளிவு. பூச்சைச் சுரண்டி, உள்கம்பியை நேரடியாக வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். தகடு மெலிந்த இடத்தில் வெல்டிங் வேண்டாம். விளிம்புக்கு நன்றாகக் கீழே, தடிமன் உள்ள இடமாகப் பார்க்க வேண்டும். கட்டிகளின் எண்ணிக்கையைச் சேற்றுப் பகுதியையும் சேர்த்துக் கணக்கிட்டே முடிவு செய்யுங்கள். ஓதம் இறங்கும்போது வெளியே தெரியும் பகுதிக்கு ஆனோடு அரைகுறையாகத்தான் உதவும். ஆகவே விளிம்புக்குக் கீழே உள்ள வளையத்துக்குத் தனி உறை தேவை. அதை எதனால் போடுவது என்பதில் மேலே இருவர் சண்டையிட்டிருக்கிறார்கள், படித்துக்கொள்ளுங்கள்.

திருமலைக் கடலோன்:
இவை எல்லாவற்றுக்கும் முன்பாக அல்ட்ராசானிக் கருவியால் ஒவ்வொரு தூணிலும் மிஞ்சியிருக்கும் தகட்டுத் தடிமனை அளந்து, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் கொடுங்கள். ஆனோடு இனிமேல் தேயாமல் காக்கும். போன எஃகைத் திருப்பித் தராது. துளை விழுந்த இரண்டு தூண்களும் அடுத்தடுத்து நிற்பவையா? அப்படியானால் அந்தப் பகுதியில் வண்டி ஓட்டுவதை இன்றே நிறுத்துங்கள்.

ஆழ்நீர்:
மூன்று நாட்களாகப் பதில் இல்லை. பெயின்ட் வாங்கப் போயிருப்பார்.

திருமலைக் கடலோன்:
நீலக்கரை அவர்களே, தடிமன் அளவு வந்தவுடன் இங்கே போடுங்கள். அந்த இரண்டு தூண்களும் அடுத்தடுத்தவையா என்பதை மட்டுமாவது சொல்லுங்கள்.