பாதையில் ஏறிய ஒட்டகச்சிவிங்கி: பிள்ளைகள் சேர்த்த 6,240 ரூபாயை எங்கே கொடுப்பது?

உவர்மலை டீச்சர் எழுதியது:

வணக்கம். திருகோணமலையில் தரம் 7 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இரண்டு கிழமைக்கு முன் வகுப்பில் ஒரு படம் காட்டினேன். கென்யாவில் பரிங்கோ ஏரி. இரும்பாலே செய்த ஒரு மிதவை, அடியில் வெறும் பீப்பாய்கள், சுற்றிவர உயரமான அடைப்பு. அதற்கு மேலால் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு ஒட்டகச்சிவிங்கி. கிண்ணியாவிலிருந்து வரும் பெடியன் ஒருவன் உடனே எழும்பினான். "டீச்சர், பாதையில ஏத்திக்கொண்டு போறாங்க!" ஆட்களையும் மாடுகளையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவையைத்தான் எங்கள் பக்கம் 'பாதை' என்போம்.

2011இல் அந்த ஏரிக்கரையில் லொங்கிச்சாரோ என்ற நிலமுனையில் எட்டு ஒட்டகச்சிவிங்கிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு ஏரி பெருகிப் பெருகி அந்த இடம் தீவாகிவிட்டது. தின்ன இலை போதவில்லை. 2020 டிசம்பரில் அசிவா என்ற பெட்டையை முதலில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். 2021 ஏப்ரலில் கடைசியாக ஒரு தாயும் தீவிலே பிறந்த அதன் குட்டியும் வந்து சேர்ந்தன. மொத்தம் ஒன்பது. மிதவையைச் செய்தது அந்த ஊர்ச் சனம். இல் சாமுஸ், பொக்கொட் என்ற இரண்டு சமூகங்கள். ஆடுமாடு களவு, துப்பாக்கி என்று பல காலம் பகைத்திருந்தவர்கள், ருக்கோ என்ற காப்பிடத்தைச் சேர்ந்து உருவாக்கி அதே ஒட்டகச்சிவிங்கிகளுக்குச் சேர்ந்து காவல் நிற்கிறார்கள். இதைச் சொன்னபோது வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்த நாளே ஆரம்பித்துவிட்டார்கள். வறுத்த கச்சான், ஐஸ் பக்கெற் விற்று 6,240 ரூபா. "ஒட்டகச்சிவிங்கிக்கு அனுப்புங்கோ டீச்சர்."

என் மாமியிடம் சொன்னேன். "இங்க திருகோணமலைக் கோட்டையில மான் பொலித்தீன் தின்னுது, நீ ஆபிரிக்காவுக்குக் காசு அனுப்பப் போறியா?" என்று கேட்டா. எனக்குப் பதில் வரவில்லை.

என் கேள்வி இரண்டு. ஊர்ச் சனம் காப்பது உண்மையிலேயே பலன் தருகிறதா, அல்லது ஒரு நல்ல படம் மட்டும்தானா? இந்தக் காசை என்ன செய்வது?

---

நைரோபியில் ஏழு வருஷம் எழுதியது:

டீச்சர், நான் பாலையூற்றுக்காரன். வேலைக்காக அங்கே போய் ஏழு வருஷம் இருந்தேன், இப்போதும் வருஷத்துக்கு ஒருமுறை போகிறேன். பலன் தருகிறது. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை.

மிகத் தெளிவான சாட்சி நைஜர் (நைஜீரியா வேறு, பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள்). மேற்கு ஆபிரிக்க ஒட்டகச்சிவிங்கி 1990களின் நடுப்பகுதியில் 49தான் மிஞ்சியிருந்தது. தலைநகர் நியாமிக்குக் கிட்ட, கூரே என்ற பகுதியில், வேலியுமில்லை, சரணாலயமுமில்லை. சனத்தின் தோட்டத்துக்குள்ளேயே மேய்ந்தன. இன்று 600க்கு மேல். அரசாங்கம் வேட்டையை இறுக்கித் தடுத்தது ஒரு பக்கம். மற்றப் பக்கம், உள்ளூர்ச் சங்கம் ஒன்று ஊர்க்காரருக்குச் சிறுகடன் கொடுத்தது, ஊர் இளைஞர்கள் வழிகாட்டிகளாகிப் பிழைத்தார்கள். 2018இல் அங்கிருந்து எட்டை கடாபெஜி என்ற வேறு காப்பகத்துக்கு ஏற்றிப்போய்க் குடியேற்றினார்கள்.

இந்த வேலையின் விலையையும் சொல்லவேண்டும். 2020 ஓகஸ்டில் கூரேயில் ஆயுததாரிகள் எட்டுப் பேரைக் கொன்றார்கள். ஆறு பேர் பிரெஞ்சுத் தொண்டு ஊழியர்கள். மற்ற இருவரும் நைஜர்க்காரர்கள், அதில் ஒருவர் அந்த வழிகாட்டிகளின் சங்கத் தலைவர். அந்தச் செய்தியை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கென்யாவின் வடக்கில் வலைக்கோடு போட்ட வகை உண்டு. 1990களில் சுமார் 36,000, 2018 கணக்கில் அதில் பாதிகூட இருக்கவில்லை. அங்கே லொய்சாபா, நமுனியாக் பகுதிகளில் 2016 முதல் 'ட்விகா வலின்ஸி' என்று ஒரு குழு வேலை செய்கிறது. ஸ்வாஹிலியில் ஒட்டகச்சிவிங்கிக் காவலர். அந்தப் பகுதி மேய்ச்சல்காரச் சமூகத்தவர்களே கமரா பொருத்துகிறார்கள், கண்ணிக் கம்பி தேடி எடுக்கிறார்கள், வீடு வீடாகப் போய்க் கதைக்கிறார்கள். ஒரு ஒட்டகச்சிவிங்கியின் தோல் கோலம் இன்னொன்றுக்கு வராது, ஆகவே படம் எடுத்தே ஆளை அடையாளம் பிடிக்கிறார்கள்.

இன்னொன்று, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒட்டகச்சிவிங்கித் தோல், எலும்பு வியாபாரத்தை உலகளவில் கட்டுப்படுத்தத் தீர்மானித்த 2019 சைட்டிஸ் மாநாடு (காட்டு உயிர் வியாபாரம் பற்றிய நாடுகளின் உடன்படிக்கை மாநாடு) கொழும்பில்தான் நடக்க இருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பால் ஜெனீவாவுக்கு மாறியது. இல்லாவிட்டால் அந்த முடிவு நம் நாட்டில் எடுக்கப்பட்டிருக்கும்.

காசு விஷயம்: 6,240 ரூபாவை வங்கியால் அனுப்பினால் கட்டணமே பெரும்பங்கைத் தின்னும். மார்ச்சில் போகிறேன். பிள்ளைகள் கடிதமும் எழுதித் தந்தால் ருக்கோ காவலர்களின் கையிலேயே கொடுக்கிறேன்.

---

துறையடி மகன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். எங்கட வாப்பா கிண்ணியாத் துறையடியில பாதையில வேலை செஞ்சவர், 2009ல பாலம் திறக்கும் வரைக்கும். அந்தப் பெடியன் சொன்னது சரி, படத்தைப் பார்த்தா அது பாதைதான்.

வாப்பாக்கிட்ட படத்தைக் காட்டினேன். நல்லா நேரம் பார்த்துட்டு, "மாடு ஏத்துறதே கஷ்டம், இது மேல்பாரம்" எண்டார். மாடு வெருண்டு ஒரு பக்கம் ஒதுங்கினா பாதை சரியும். ஒட்டகச்சிவிங்கிப் பெட்டையே 800 கிலோ வரும், அந்தப் பாரத்தில கொஞ்சம் ஆறேழு முழ உயரத்தில ஆடும். மிதவை அகலமா இருக்கவேணும், கால் வழுக்கக் கூடாது, கண்ணைக் கட்டவேணும் எண்டு வாப்பா சொன்னார். பிறகு தேடிப் பார்த்தா ஒட்டகச்சிவிங்கியைக் கொண்டுபோறவங்களும் கண்ணைக் கட்டி, காதை அடைச்சுத்தான் கொண்டு போறாங்களாம். உகண்டாவில 2016ல பதினெட்டை நைல் ஆத்துக்கு மற்றக் கரைக்குப் பாதையிலதான் கடத்தியிருக்காங்க.

ஆனா டீச்சர், ஒண்டு கேக்கணும். எங்கட மச்சானுக்குக் கந்தளாய்ப் பக்கம் வயல். போன போகம் அறுவடைக்குப் பத்து நாள் இருக்க யானை இறங்கிச்சு. இரவு முழுக்க யானை வெடி போட்டும் நிக்கல்ல. யானையைக் காக்கவேணும் எண்டு சொல்றவங்க ஒருத்தரும் அந்த விடியல்ல வரல்ல. நைஜர்ல கௌபித் தோட்டத்துக்குள்ள ஒட்டகச்சிவிங்கி வந்தா அந்தக் கமக்காரன் என்ன செய்றான்?

---

நைரோபியில் ஏழு வருஷம் எழுதியது:

தம்பி, சரியான கேள்வி. அங்கேயும் கௌபியைத் தின்னும், மாம்பழத்தைத் தின்னும், கமக்காரன் ஏசுவான். யானை போல வீட்டை உடைப்பதில்லை, ஆளைக் கொல்வது மிக அரிது, அது பெரிய வித்தியாசம். ஆனால் நான் பார்த்த அளவில் ஒன்று: மச்சானைப் போன்ற ஆளைத்தான் முதலில் காவலராக எடுக்கவேண்டும். சம்பளத்துடன். நட்டம் வந்தவன் வெளியே நிற்க, வெளியூர்க்காரன் சீருடை போட்ட இடங்களில் கண்ணி கூடியது.

---

கடற்கரை வீதி எழுதியது:

தங்கச்சி, உங்கட மாமி சொன்னதில் எனக்கும் உடன்பாடு உண்டு, கோபிக்க வேண்டாம். நான் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் வெள்ளிக்கிழமைகளில் மான்களைப் பார்க்கிறேன். பக்தர்கள் பையோடு போட்ட வாழைப்பழத்தைப் பையோடே விழுங்குகின்றன. போன வருஷம் செத்துக் கிடந்த ஒன்றின் வயிற்றைத் திறந்த மிருக வைத்தியர் எடுத்துக் காட்டியது ஒரு பெரிய பொலித்தீன் உருண்டை. அதை மறக்க முடியவில்லை.

ஆனால் காசைத் திருப்பவேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் காவலர்கள் செய்கிற வேலையை இங்கே செய்யலாமே. புள்ளிமானின் புள்ளியும் ஒன்றுக்கொன்று வேறு. பிள்ளைகள் ஒரே பக்க விலாவைப் படமெடுத்து, எத்தனை மான், எது மெலிகிறது, எதற்குக் குட்டி என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால் முதலில் அனுமதிக் கடிதம் கொடுங்கள்.

---

உவர்மலை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடிதம் கொடுத்தோம், அதிபரும் கூட வந்தார். சனிக்கிழமை காலை ஆறரைக்கு 14 பிள்ளைகளோடு போனோம். ஒரு மணித்தியாலத்தில் 31 மான் எண்ணினோம். ஒன்றையே இரண்டு தரம் எண்ணியிருப்போம் என்று பிள்ளைகளே சொல்கிறார்கள், படங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இடது காது கிழிந்த பெட்டை ஒன்றுதான் கொப்பியில் முதலாம் இலக்கம். கோயில் வாசல் கச்சான்காரம்மா அதைத் தனக்கு ஐந்து வருஷமாகத் தெரியும் என்றா. அவவையும் எங்கள் குழுவில் சேர்த்துவிட்டோம். பையோடு பழம் போட வருபவர்களைத் தான் மறிப்பதாகச் சொன்னா.

காசில் 1,240 ரூபா படம் அச்சடிக்க. 5,000 ரூபா நைரோபி அண்ணாவோடு ருக்கோவுக்கு. பிள்ளைகளே கையுயர்த்தி முடிவெடுத்தார்கள். கடிதங்கள் எழுதி முடிந்தன. மாமியும் ஒரு நூறு ரூபாய்த் தாள் வைத்திருக்கிறா, மானுக்குத்தான் என்று சொல்லி.

துறையடித் தம்பி, கிண்ணியாப் பெடியன் யோகட் கோப்பைகளைக் கட்டி ஒரு பாதை செய்திருக்கிறான். களிமண் ஒட்டகச்சிவிங்கியோடு வாளித் தண்ணீரில் இரண்டு தரம் கவிழ்ந்தது, பக்கத்துக்கு இரண்டு கோப்பை கூட்டிய பிறகு நின்றது. வாப்பாவிடம் கேட்கச் சொன்னான்: மாட்டை ஏற்றினால் தலையை எந்தக் கரைப் பக்கம் பார்க்க வைப்பார்?