புதுப்பிப்பு: நாலு நாள் கிடந்த கரும்பு, இறுகாத வெல்லம்

போன வாரம் கேட்டிருந்தேன்: பாபநாசம் பக்கம் எங்க ஆலைக்கொட்டகையில், அன்று வெட்டிய கரும்புக்கும் நாலு நாள் கிடந்ததுக்கும் பிரிக்ஸ் மீட்டர் (சாற்றில் கரைந்திருப்பது எத்தனை சதவீதம்னு காட்டும் கருவி) ஒரே 19 காட்டுது, பழசில் மட்டும் வெல்லம் இறுகலையே, ஏன்?

"தளவிளைவு ஒளியில் (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி) பாருங்கண்ணே" என்ற தம்பிக்கு நன்றி. கல்லூரி ஆய்வகத்துப் போலாரிமீட்டரில் பார்த்தோம்: சோடியம் விளக்கு, 20 செ.மீ. குழாய், தெளியவைத்து வடிகட்டிய சாறு. ஒளித்தளம் திரும்பிய கோணம் புதுசுக்கு 22.4 பாகை, பழசுக்கு 19.8!

பிரிக்ஸ் மீட்டர் ஒளிவிலகலை வைத்துக் கரைந்த எல்லாத்தையும் சேர்த்துக் கணக்கிடும். போலாரிமீட்டர் ஒளித்தளம் திரும்புவதைப் பார்க்கும். சுக்ரோஸ், அதாவது கரும்புச் சர்க்கரை, அந்தத் தளத்தை வலப்பக்கம் திருப்பும் வலஞ்சுழி (எங்க பக்கத்து ஊர்ப் பேரே அறிவியலில் வந்து நிக்குது). வெட்டிப்போட்டால் அது குளுக்கோஸ், ஃப்ரக்டோஸாக உடையும்; ஃப்ரக்டோஸ் பலமாக இடப்பக்கம் திருப்பும், கோணம் குறையும். அந்தக் கலவை படிகமாக விடாது.

இனி வெட்டின அன்னைக்கே ஆட்டுறதுன்னு அப்பாவும் ஒத்துக்கிட்டார்.