மறு: பின்னடைவு எழுத்துருவா, இரவல் எழுத்துருவா?

அனைவருக்கும் வணக்கம்.

வரைகலை நிரல்களில் சீன எழுத்துகள் சரியாகத் தெரியாவிட்டால் என்ன செய்வது என்னும் உதவிப் பக்கத்தைத் தமிழாக்கும்போது, ஓர் எழுத்துருவில் இல்லாத எழுத்தை வேறோர் எழுத்துருவிலிருந்து எடுத்துக் காட்டும் ஏற்பாட்டுக்கு (ஆங்கிலத்தில் font fallback)ப் 'பின்னடைவு எழுத்துரு', 'மாற்று எழுத்துரு' என இரண்டு சொற்கள் இங்கே பரிந்துரைக்கப்பட்டுள்ளன. முதலாவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேர்தலில் தோற்ற கட்சிக்கு நேர்வது பின்னடைவு. இங்கே நடப்பதோ உதவி. இரண்டாவதுதான் சிக்கலானது, ஏனெனில் அது காதுக்குச் சரியாகவே படுகிறது.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் மேட்பிளாட்லிப் என்ற பைதான் வரைபட நிரலகத்தை எடுத்துக்கொள்வோம். அதனுடன் வரும் டேஜாவூ சான்ஸ் எழுத்துருவில் சீன எழுத்துகள் இல்லை. 'நடு' என்று பொருள்படும் 'ஜோங்' எழுத்தை வரைபடத்தின் தலைப்பில் இட்டால், அவ்விடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் தோன்றும். ஒருங்குறியில் (யூனிகோடில்) அவ்வெழுத்தைக் குறிக்கும் 20013 என்ற எண்ணுக்குரிய வடிவம் நடப்பு எழுத்துருவில் இல்லை என்ற எச்சரிக்கையும் முனையத்தில் வரும். இதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த மருந்து, எழுத்துருவையே சிம்ஹேய் என்ற சீன எழுத்துருவாக மாற்றிவிடுவது. மாற்றியதும் தலைப்பு சரியாகிவிடும்; ஆனால் வரைபடத்தின் அச்சுக்கோடுகளில் உள்ள எதிர்ம எண்களின் முன்னால் கழித்தல் குறிக்குப் பதிலாகக் கட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும், ஏனெனில் ஒருங்குறியின் தனிக் கழித்தல் குறி சிம்ஹேயில் இல்லை. ஆகவே, அக்குறியை விட்டுவிட்டுச் சாதாரண சிறுகோட்டையே பயன்படுத்து என்று நிரலுக்குச் சொல்லும் இன்னொரு வரியையும் சேர்க்க வேண்டியிருந்தது. அதே நிரலை லினக்ஸ் கணினிக்குக் கொண்டுபோனால், அங்கே சிம்ஹேய் பொதுவாக இருக்காது என்பதால், மீண்டும் கட்டங்கள்தாம்.

மாற்று என்பது இதுதான்: ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மற்றொன்றை வைப்பது. 2022இல் வந்த மேட்பிளாட்லிப் 3.6ஆம் பதிப்பு செய்தது வேறு. எழுத்துருப் பெயர்களை வரிசையாகக் கொடுத்தால், முதல் எழுத்துருவில் இல்லாத எழுத்துக்கு மட்டும் அடுத்ததை நாடும். எண்களும் கழித்தல் குறியும் டேஜாவூவிலேயே நிற்க, ஜோங் மட்டும் அடுத்த எழுத்துருவிலிருந்து வருகிறது. சர்க்கரை தீர்ந்தால் பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் வாங்கிக்கொள்கிறோமே தவிர, வீட்டையே மாற்றிக்கொள்வதில்லை. அதனால் இதை 'எழுத்துரு இரவல்' என்று அழைக்கலாம் என்பது என் பரிந்துரை. தேடப்படும் ஒழுங்கு 'இரவல் வரிசை', வந்து சேரும் உருவம் 'இரவல் வடிவம்' என்று கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் பிறக்கின்றன. 'மாற்று வடிவம்' என்றால், ஒரே எழுத்துருவுக்குள் ஓர் எழுத்துக்கு இருக்கும் வேறு உருவங்களோடு குழப்பம் வரும். இரவல் என்ற சொல்லில் தரக்குறைவான தொனி இருக்கிறது என்ற மறுப்பு எழக்கூடும். சற்று இருக்கட்டுமே, தடிமனும் எழுத்துகள் நிற்கும் கோட்டின் உயரமும் பொருந்தாமல் இரவல் வடிவம் துருத்திக்கொண்டு தெரிவதும் உண்மைதானே.

இச்சொல்லுக்கு எல்லையும் வேண்டும். சீன எழுத்து தெரியாத எல்லா இடங்களிலும் இரவல் உதவாது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் குறிமுறைகளில் ஒன்றான யூடிஎஃப்-8 முறையில் சேமித்த கோப்பை விண்டோஸின் 936ஆம் குறிப்பக்கத்தின்படி, அதாவது சீன எழுத்துகளுக்கான ஜிபிகே முறையில் படித்தால், 'நி ஹாவ்' என்ற இரண்டெழுத்து வணக்கம் மூன்றெழுத்தாகிவிடும். முன்னதில் ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுகள், பின்னதில் இரண்டு. ஆறு பைட்டுகளை இரண்டிரண்டாகப் பிரித்தால் மூன்று. அந்த மூன்றில் கடைசியாக வருவது சீன எழுத்தே அன்று, ஜப்பானியக் கத்தகனாவின் 'சோ'. கட்டம் ஒன்றுகூட இல்லை, எல்லா வடிவங்களும் எழுத்துருவில் உள்ளன, ஆனால் வாசகம் பொருளற்றது. இதற்குக் 'குறிமயக்கம்' என்பதை முன்வைக்கிறேன். ஒரு வேற்றுமையின் உருபு நிற்குமிடத்தில் வேறொன்றின் பொருள் வருவதை வேற்றுமை மயக்கம் என்று நம் இலக்கணம் சொல்கிறது. ஒரு குறிமுறையில் எழுதியதை மற்றொன்றில் படிப்பதும் அவ்வகையே. பழைய தமிழ்க் குறிமுறையான திஸ்கியில் அமைந்த பக்கங்களை லத்தீன் எழுத்துகளாகப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உதவிப் பக்கத்தில் முதற்கேள்வியே 'கட்டம் தெரிகிறதா, வேறு எழுத்து தெரிகிறதா' என்று இருக்க வேண்டும். கட்டமானால் எழுத்துருவைப் பார்க்க வேண்டும். வேறு எழுத்தானால் எழுத்துருவைத் தொடாமல் குறிமுறையைச் சரிசெய்ய வேண்டும்.

பெயரில்லாமல் இன்னொரு கோளாறு எஞ்சியிருக்கிறது. 'எலும்பு' என்னும் எழுத்துக்கு ஒருங்குறி ஒரே எண்ணைத்தான் தருகிறது. ஆனால் சீனப் பெருநிலத்தில் அதன் தலைப்பகுதிக்குள் இருக்கும் சிறு மடிப்பு இடப்பக்கமும், ஜப்பானிலும் தைவானிலும் வலப்பக்கமும் அமையும். மொழி அமைப்பு ஆங்கிலமாக உள்ள லினக்ஸ் கணினியில், இரவல் வரிசையில் ஜப்பானிய எழுத்துரு முந்திக்கொண்டால், பெய்ஜிங் வாசகருக்கு எழுதிய உரை ஜப்பானிய உருவத்தில் வரும். எழுத்து தவறில்லை, குறிமுறையும் தவறில்லை. இரவல் வாங்கிய இடம் தவறு. இதற்கு 'வட்டார வடிவப் பிறழ்வு' என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆயினும் நீளமாக இருக்கிறது. இதைவிடச் சுருக்கமான சொல் தோன்றினால் எழுதுங்கள். மற்ற இரண்டுக்கும் மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.