சின்ன ஐ.டி. சர்வீஸ் கம்பெனி எந்தத் தொழிலைப் பிடிப்பது? ஆஸ்பத்திரியா, பனியன் கம்பெனியா?

கணபதி_கேபிள் (அக்டோபர் 2025)
கோவையில் என்னையும் சேர்த்து ஆறு பேர். நெட்வொர்க், சர்வர், பேக்கப், மெயில் எல்லாம் ஏ.எம்.சி.யில் (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) பார்க்கிறோம். மொத்தம் 34 வாடிக்கையாளர்கள்: திருப்பூர் பனியன் ஏற்றுமதி 12, ஆடிட்டர் அலுவலகம் 9, சின்ன ஆஸ்பத்திரி 4, பம்ப் மற்றும் பவுண்டரி (உலோக வார்ப்புப் பட்டறை) 6, பள்ளி 2, ஹோட்டல் 1.

பையன்கள் காலையில் பனியன் கம்பெனியில் மார்க்கர் பிளாட்டர் (துணி வெட்டுவதற்கான படம் வரையும் மெஷின்), மதியம் ஆடிட்டரிடம் டாலி, சாயங்காலம் ஸ்கேன் சென்டர் என்று ஓடுகிறார்கள். எதிலும் கெட்டிக்காரர் ஆகவில்லை. இரண்டு தொழிலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மெதுவாக விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். மனசு ஆஸ்பத்திரிப் பக்கம் சாய்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய_சர்வர்
தம்பி, வருகிற வாடிக்கையாளரை வேண்டாம் என்று சொல்ல நீ என்ன பெரிய கம்பெனியா? நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் யோசித்தேன். சாயப்பட்டறைகளை மட்டும் பிடித்தேன், நல்ல காசு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. என் வாடிக்கையாளர்களில் ஏழு பேர் ஒரே வாரத்தில் பூட்டினார்கள். ஏ.எம்.சி. பாக்கி கேட்கப் போனால் வாட்ச்மேனுக்கே சம்பளம் இல்லை. ஒரு தொழில் விழுந்தால் அதில் இருக்கிற எல்லோரும் சேர்ந்துதான் விழுவார்கள். அன்றிலிருந்து எனக்கு ஹோட்டல், ஸ்கூல், மில், நகைக்கடை எல்லாம் உண்டு.

வைகை_ஹெல்த்_ஐடி
அண்ணே, 2020 லாக்டவுனில் உங்கள் ஹோட்டலும் ஸ்கூலும் என்ன ஆயின? பலவிதமாக வைத்திருந்தால் பாதுகாப்பு என்பது பாதி உண்மைதான்.

நான் மதுரையில் ஆஸ்பத்திரி மட்டும் பார்க்கிறேன், 19 இருக்கின்றன. முதல் வருடம் ஒன்றும் புரியவில்லை. சி.டி. மெஷினின் கன்சோல் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் போட்டேன், மெஷின் கம்பெனி இன்ஜினீயர் வந்து கத்திவிட்டுப் போனார். அவர்கள் அனுமதி இல்லாமல் அதில் ஒரு சாஃப்ட்வேர் பேட்ச்கூடப் போடக்கூடாது, நம்மால் முடிந்தது அதைத் தனி வி-லேனில் (நெட்வொர்க்கில் தனிப் பிரிவு) ஒதுக்குவதுதான். இதைக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. இப்போது புது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில் எந்த மெஷின் எங்கே பேசுகிறது என்று சொல்லிவிடுவேன். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ்) முடக்கி, பல நாட்கள் கையால் சீட்டு எழுதினார்கள். அதன்பிறகு பேக்கப்புக்கு எதற்குத் தனிக் காசு என்று எந்த டாக்டரும் என்னிடம் கேட்டதில்லை. டாக்டர்கள் தங்கள் சங்கமான ஐ.எம்.ஏ. கூட்டத்தில் ஒருவருக்கொருவர் சொல்வதுதான் எனக்கு விளம்பரம்.

இன்னொன்று, ஆஸ்பத்திரி என்று பொதுவாகப் பேசாதீர்கள். 200 படுக்கை இருந்தால் உள்ளேயே ஐ.டி. ஆட்கள் இருப்பார்கள், உங்களைக் கேபிள் இழுக்க மட்டும் கூப்பிடுவார்கள். 10 படுக்கை என்றால் காசு இருக்காது. 30 முதல் 80 வரைதான் நம் ஆள். டாக்டர் தானே முதலாளி, ஒரே உட்காரலில் முடிவு சொல்லிவிடுவார்.

பழைய_சர்வர்
எல்லாம் சரி. ராத்திரி 2 மணிக்கு கேஷுவால்டியில் பில்லிங் நின்றால் போனை எடுப்பது யார்? உன்னிடம் எத்தனை பேர்?

வைகை_ஹெல்த்_ஐடி
14 பேர், ஷிப்ட் உண்டு.

பழைய_சர்வர்
இவனிடம் ஆறு பேர்தான். தீபாவளிக்கு ஊருக்குப் போகிற பையனை எந்த முகத்தோடு நிறுத்துவான்?

நிட்வேர்_நாட்டான்
ஆளாளுக்குத் திருப்பூரை அடகு வைத்துவிட்டீர்கள் போல. நான் இங்கே ஒரு ஏற்றுமதி யூனிட்டில் ஐ.டி. பார்க்கிறேன். பனியன் கம்பெனிக்காரன் ஐ.டி.க்குச் செலவு பண்ண மாட்டான் என்பது பழைய பேச்சு. டெக் பேக் (துணியின் டிசைன், அளவு விவரம்), மார்க்கர், ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசரின் மெயில், எல்லாம் ஃபைல்தான். ஒரு சர்வர் போய் சாம்பிள் நான்கு நாள் தள்ளினால் ஷிப்மென்ட் தள்ளும். கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போகும், அந்தச் செலவு முதலாளி தலையில். ஒருமுறை அந்த பில்லைப் பார்த்த முதலாளி ஏ.எம்.சி.யில் ஐயாயிரம் குறை என்று பேச மாட்டார்.

பழைய_சர்வர்
2025 ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி. ஆர்டர் நின்றால் முதலில் வெட்டுவது டீ செலவு, அடுத்தது ஏ.எம்.சி.

நிட்வேர்_நாட்டான்
அமெரிக்க பையரை (சரக்கு வாங்குபவரை) மட்டும் நம்பியவர்களுக்கு அடிதான், மறைக்கவில்லை. ஆனால் ஊரில் பாதிப் பேர் ஐரோப்பாவுக்குப் போடுகிறார்கள். பிரிட்டனோடு ஜூலையில் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. கணபதி அண்ணன் தன் 12 பேரில் யாருக்கு எந்த நாட்டு பையர் என்று கேட்டிருக்கிறாரா? ஆஸ்பத்திரியைப் படுக்கை வைத்துப் பிரிக்கலாம் என்றால் எங்களை பையர் வைத்துப் பிரியுங்கள்.

லெட்ஜர்_அக்கா
நான் ஆடிட்டர். இவ்வளவு நேரமும் வேலையைப் பற்றித்தான் பேசினீர்கள், பணம் எப்போது வருகிறது என்று யாரும் கேட்கவில்லை.

கணபதி தம்பி, உதயம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா? இருந்தால் உங்களை மாதிரி குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2024 ஏப்ரலில் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் எச் உட்பிரிவு நடைமுறைக்கு வந்த பிறகுதான் சூடு பிடித்தது. கெடு தாண்டினால், பணத்தைக் கொடுக்கிற வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதம் என் கிளையன்ட்கள் பழைய பில்களைத் தேடித் தேடிக் கொடுக்கிறார்கள். ஆனால் வரி விலக்கு உள்ள அறக்கட்டளை ஆஸ்பத்திரிக்கு இந்த ஊசி குத்தாது. அவர்களிடம் இன்ஷூரன்ஸ் பணம் வந்தால்தான் உங்களுக்கு வரும்.

ஆடிட்டர் அலுவலகங்களை நம்பி மட்டும் இருக்காதீர்கள், எங்கள் கஞ்சத்தனம் எனக்கே தெரியும். வரிக் கணக்கு தாக்கல் நேரமான ஜூலை முதல் செப்டம்பர் வரை உயிரை வாங்குவோம், மீதி ஒன்பது மாதம் ஏ.எம்.சி. எதற்கு என்று கேட்போம். ஆனால் ஒவ்வொரு ஆடிட்டரிடமும் ஐம்பது நூறு கம்பெனிக் கணக்கு இருக்கும். எங்களை அந்தக் கம்பெனிகளுக்குப் போகிற வாசலாக வைத்துக்கொள்ளுங்கள். கமிஷன் கொடுக்க மட்டும் வந்துவிடாதீர்கள்.

தொழில் பெயரை மறந்துவிட்டு 34 பேரையும் ஒரு ஷீட்டில் போடுங்கள். பணம் வர எத்தனை நாள், வருடத்துக்கு எத்தனை போன் கால், அதில் ராத்திரி எத்தனை. அப்புறம் சண்டை போடலாம்.

வைகை_ஹெல்த்_ஐடி
அக்கா சொல்வது சரிதான், ஆனால் பழைய கணக்கு பழைய வேலையைத்தான் காட்டும். அவர் ஆஸ்பத்திரிக்குச் சரியாக விலை வைத்திருக்கவே மாட்டார். கடைக்கு வைக்கிற ரேட்டை ஆஸ்பத்திரிக்கும் வைத்துவிட்டு நஷ்டம் என்றால் அது தொழிலின் குற்றமா?

கணபதி_கேபிள்
மூன்று நாள் உட்கார்ந்து போட்டேன். வைகை அண்ணன் சொன்னது உண்மை. ஆஸ்பத்திரி நான்குக்கும் ஆபீஸ் ரேட்தான் வைத்திருக்கிறேன், போன் கால்களில் பாதிக்கு மேல் இரவு 8 மணிக்குப் பிறகு. திருப்பூர் 12-இல் ஐந்து பேர் 30 நாளுக்குள் தருகிறார்கள். அதில் நான்கு பேருக்கு ஐரோப்பிய பையர்கள். மீதி ஏழு பேரிடம் சராசரி 80 நாள்.

ஆனால் ஷீட்டின் மேலே வந்தது பம்ப், பவுண்டரிக்காரர்கள். ஆறு பேரும் 25 நாளுக்குள் தந்திருக்கிறார்கள், ராத்திரி போன் கால் வருடத்துக்கு மூன்றோ நான்கோ. நான் அவர்களைக் கவனித்ததே இல்லை, தொந்தரவு தராததால் ஞாபகமும் இல்லை. நேற்று ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னது: "நெட் நின்றால் இ-இன்வாய்ஸ் (ஜி.எஸ்.டி. தளத்தில் பதிகிற பில்) போட முடியாது, பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. அதுக்குத்தான் உங்களை வெச்சிருக்கேன்." போன மாதம்தான் அவர் மகன் வந்து சி.என்.சி. மெஷின்களையும் (கம்ப்யூட்டர் இயக்குகிற மெஷின்கள்) நெட்வொர்க்கில் இணைக்க முடியுமா என்று கேட்டானாம். விண்டோஸ் 10-க்கு இந்த மாதம் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்ததால் 22 கம்ப்யூட்டர் மாற்றுகிற வேலையும் அங்கே கிடக்கிறது.

லெட்ஜர்_அக்கா
விற்றுமுதல் 5 கோடி தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸ் கட்டாயம். சின்ன பவுண்டரிகள்கூட உள்ளே வந்தது அதனால்தான். என் கிளையன்ட்களிலேயே எட்டுப் பேர் இருக்கிறார்கள்.

வைகை_ஹெல்த்_ஐடி
ஆறு பேரை வைத்து ஒரு தொழிலை முடிவு பண்ணுவதா? குஜராத் ராஜ்கோட்டின் பம்ப் கம்பெனிக்காரன் விலையில் அடிக்கிற அடியில் கோவை பம்ப் கம்பெனிகள் பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும்? ஆஸ்பத்திரி குறையப்போவதே இல்லை.

நிட்வேர்_நாட்டான்
திருப்பூர் என்றால் வரி, பம்ப் என்றால் ராஜ்கோட். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு மட்டும் குறையே கிடையாதா அண்ணே?

கணபதி_கேபிள்
முடிவு சொல்லிவிடுகிறேன். பம்ப், பவுண்டரி முதலில், அக்காவின் எட்டுப் பேரையும் போய்ப் பார்க்கிறேன். திருப்பூரில் அந்த ஐந்து பேரை வைத்துக்கொள்வேன். மற்ற ஏழு பேருக்கும் ஏ.எம்.சி. புதுப்பிக்கும்போது முன்பணம் கேட்பேன், தந்தால் இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு ராத்திரி ரேட் தனியாகப் போடப்போகிறேன். நான்கு பேரும் போய்விட்டால் வைகை அண்ணன் கோவையில் கிளை திறக்கட்டும்.

வைகை_ஹெல்த்_ஐடி
நம்பரை இன்பாக்ஸில் அனுப்புங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பழைய_சர்வர்
நான் இன்னமும் ஹோட்டலை விடாதே என்றுதான் சொல்வேன், கேட்க மாட்டாய். சரி, பவுண்டரிக்குப் போகிறாய் என்றால் ஒன்று. ஃபேன் உள்ள நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்காதே, மணல் தூசும் இரும்புத் தூளும் ஆறு மாதத்தில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஃபேன் இல்லாததை, மூடிய ரேக்கில், மோல்டிங் ஷெட்டுக்கு வெளியே வை. ஃபர்னஸுக்கு மின்சாரக் கேபிள் போகிற பக்கம் உன் செம்புக் கேபிளை இழுக்காதே, அங்கே மின் இரைச்சல் தாக்காத ஃபைபர்தான்.